வாசலுக்கு ஒரு வாளி வெந்நீர்

என் மாமியார் லீலா மேரி வின்னிபெக் விமான நிலையத்தை விட்டு வெளியே காலை வைத்ததும் சொன்ன வார்த்தை, "சேசுவே". அதோடு சரி. கார் வரைக்கும் வாய் திறக்கவில்லை. ஏலாக்குறிச்சியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தே ஓய்வு பெற்ற டீச்சர் அவர். அவர் வாயை அடைத்த பெருமை கனடாவின் குளிருக்கு மட்டுமே உண்டு. காரில் ஏறி, ஹீட்டரின் சூடு முகத்தில் பட்ட பிறகுதான், "மாப்ள, மூக்குக்குள்ள என்னமோ ஒடையுற மாரி இருக்கு" என்றார். மூக்கு முடி உறைந்திருக்கும் அத்தை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அது 2003 டிசம்பர். நான் வரதராஜன்பேட்டைக்காரன், பெயர் கிளமெண்ட். வின்னிபெக்கில் ஜன்னல் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. என் மனைவி டெய்சியும் நானும் அங்கே ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். வாசலுக்கு மூன்று சிமெண்டுப் படிகள், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். பக்கத்து வீட்டில் வீட்டுக்காரர், வயதானவர், தனி ஆள். பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்து அவரே வாரித் தள்ளி, படியில் உப்புத் தூவிவிட்டுப் போவார்.

அத்தை அத்தனை தூரம் கிளம்பி வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. டெய்சி விழக்கூடாது. கல்யாணமானதிலிருந்து இரண்டு தடவை கலைந்து போயிருந்தது. மூன்றாவது நிலைத்து, ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, குளிர்காலமாக இருப்பதால் கீழே மட்டும் விழுந்துவிடாதே என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை நாங்கள் அழாத குறையாகக் கேட்டுக்கொண்டோம்.

இந்த ஊரில் குளிர்காலத்தில் விழாமல் நடப்பது தனி வேலை. பனி பெய்த அன்றைக்குப் பயமில்லை. கால் புதையும், அவ்வளவுதான். அது மிதிபட்டு, லேசாக இளகி, மறுபடி இறுகிப்போன இடம்தான் ஆளைச் சாய்க்கும். தரையின் நிறத்திலேயே கண்ணாடியாகக் கிடக்கும். அங்கே ஐஸ் இருந்தது என்பதே விழுந்த பிறகுதான் தெரியவரும். வந்த முதல் வருஷம் நானே கடை வாசலில் மல்லாந்து விழுந்து, எழுந்து உட்கார்ந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தவன்தான். பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அங்கே அதற்கெல்லாம் சிரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஏலாக்குறிச்சிக்குப் போன் போட்டால், மாமா தேவசகாயம் எடுத்ததும் மகளைப் பற்றிக் கேட்பது, "பாப்பா விழலையே?" என்றுதான். அதற்குப் பதில் வந்த பிறகுதான் சாப்பிட்டீர்களா, குளிர் எப்படி என்கிற மற்றதெல்லாம். அத்தை வந்த பிறகு அந்தக் கவலை வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. டெய்சி குளியலறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று "பாத்துடி" என்பார். வீட்டுக்குள் விழ ஒன்றுமில்லை, சுத்தமான மரத்தரை. ஆனாலும் அவர் பார்வைக்கு அந்த ஊர் முழுக்கவே மகளை வழுக்கிவிடக் காத்துக்கொண்டிருந்தது.

அவர் திகைத்துப்போன விஷயங்களை எழுதினால் முடியாது. காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு வயரை இழுத்து நான் கரண்டில் செருகியதைப் பார்த்து, வண்டிக்குக்கூடவா கரண்டு என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் காலையில் இஞ்சின் கிளம்பாது என்றேன். நம்மூரில் மாட்டுக்குக் கொசு அண்டாமல் புகை போடுவது போல என்று அவராகவே ஒரு சமாதானம் செய்துகொண்டார். சாயங்காலம் நான்கரைக்கே இருட்டுவதைக் கண்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாலையும் முட்டையையும் பின்கதவுக்கு வெளியே வைத்திருப்பதைப் பார்த்து, பூனை வராதா என்றார். பூனை வெளியே வந்தால் பூனையே உறைந்துவிடும் என்றதற்கு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒரு நாள் ஆற்றுக்கு அழைத்துப்போனேன். ஆற்றின் மேல் ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் சறுக்கினார்கள். ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நட்ட நடு ஆற்றில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். கோடையில் கொள்ளிடத்து மணலில் இறங்கி அக்கரைக்கு நடந்துபோன அனுபவம் அத்தைக்கு உண்டு. அங்கே தண்ணீர் இல்லாததால் நடப்பார்கள். இங்கே தண்ணீரின் மேலேயே நடக்கிறார்கள்.

"தண்ணி மேல ஆண்டவர் ஒருத்தர்தான் நடந்தாருன்னு இத்தினி வருஷமாப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டனே மாப்ள" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இத்தனையையும் ஒருவழியாக ஜீரணித்துக்கொண்டவர், ஒன்றில் மட்டும் சமாதானமே ஆகவில்லை. அது வாசல். விடிந்ததும் ஜன்னல் ஓரம் நின்று தெருவைப் பார்ப்பார். ஒரு வீட்டு வாசலிலும் தண்ணீர் தெளித்த அடையாளம் கிடையாது. எங்கள் பக்கத்தில் காலையில் வாசல் தெளிக்காமல் கிடந்தால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கோயிலுக்குப் போகிற வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு என்கிற வித்தியாசமெல்லாம் அதில் இல்லை. பால்காரர்கூட அந்த வாசலைப் பார்த்ததும் மணி அடிக்காமல் இறங்கி நிற்பார்.

"இந்தத் தெருவுல அத்தினி வூட்லயுமா எழவு?" என்று ஒரு நாள் கேட்டார். "மாசமா இருக்குற பொண்ணு இருக்குற வூடு மாப்ள இது. வாசல் இப்படிக் காஞ்சு கெடக்கலாமா?"

சாணிக்கு எங்கே போவது அத்தை, இங்கே மாடுகளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கின்றன என்றேன். அவர் சிரிக்கவில்லை. டெய்சியும் அம்மாவிடம் இதமாகச் சொல்லிப் பார்த்தாள், இந்த ஊர் வழக்கம் வேறு என்று. வெளியே போனால் உங்களுக்கே சளி பிடித்துக்கொள்ளும், கதவைத் திறக்காதீர்கள் என்று நானும் சொல்லிவைத்தேன். சரி சரி என்று தலையாட்டினார். படியில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஜனவரி கடைசியில் ஒரு காலை, டெய்சிக்கு டாக்டரிடம் போகிற நாள். மைனஸ் முப்பது. வெயில் பளீரென்று அடித்தது. அந்த ஊரில் வெயில் அடிக்கிற நாளில்தான் குளிர் அதிகம், அத்தைக்குக் கடைசி வரை பிடிபடாத கணக்கு அது. டெய்சிக்குக் குனிய முடியாததால் நான்தான் உட்கார்ந்து அவள் பூட்ஸுக்கு நாடா கட்டிவிட்டேன், இரட்டை முடிச்சாக. பிறகு பின்கதவு வழியாகப் போய்க் காரைக் கிளப்பி, சூடேறும் வரை கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டினேன். காரை முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தேன். இறங்கிப்போய்க் கைகொடுத்துக் கூட்டிவருவதாகத்தான் பேச்சு. நான் காரை விட்டு இறங்குவதற்குள் கதவு திறந்துவிட்டது.

டெய்சி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முதல் படியில் காலை வைத்தாள். அடுத்த கணம் அந்த இடத்தில் அவள் இல்லை.

சத்தம் பிறகுதான் கேட்டது. ஓடினேன். படிக்குக் கீழே நானும் வழுக்கி முழங்காலில் விழுந்து, தவழ்ந்துதான் அவளிடம் போய்ச் சேர்ந்தேன். கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கீழே பனி சிவக்கத் தொடங்கியது. எனக்கு நினைவிருப்பது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதுதான். போன் செய்ய வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. கதவருகே அத்தை சிலையாக நின்றார். அவர் வாயும் திறந்தபடியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சத்தம் கேட்டு வெளியே வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆம்புலன்ஸ்காரர்களில் ஒருவன் படியைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக உப்பை அள்ளி வீசினான். படி முழுக்க ஐஸ், பார்த்து நடங்கள் என்றான்.

நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, இப்போதே குழந்தையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். என்னிடம் எதையோ கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பெண் குழந்தை. என் கை நீளம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் செருகியிருந்தார்கள். டெய்சிக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவளால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடிந்தது.

எப்படியடி விழுந்தாய் என்று அத்தை கேட்டார். பூட்ஸ் நாடா அவிழ்ந்துவிட்டது, அதை மிதித்துவிட்டேன் என்றாள் டெய்சி. அவ்வளவுதான், இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்ததெல்லாம் அத்தைக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நர்ஸ் நிற்கிறாள், பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. பாத்து நட பாத்து நடன்னு கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேனே, ஒரு நாடாவைக்கூடச் சரியாகப் பார்க்கத் தெரியாதா, நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டேவிட்டார். டெய்சி கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எனக்குக் குழப்பமாக இருந்தது. அந்த முடிச்சைப் போட்டவன் நான். ஆஸ்பத்திரியில் பூட்ஸைக் கழற்றி என்னிடம் தந்தபோதும் அது அப்படியே இருந்தது. மயக்க மருந்தில் ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

என் கோபமெல்லாம் வீட்டுக்காரர் மேல் இருந்தது. படிக்கு உப்புப் போட வேண்டியவர் அவர். டெய்சி விழுந்த அன்று சாயங்காலமே போய் அவர் வாசலில் நின்று கத்தியிருந்தேன். இங்கிலீஷ் போதாமல் நடுநடுவே தமிழிலும் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முந்தின நாள் உப்புப் போட்டதாகவும் அதற்குப் பிறகு பனியே பெய்யவில்லை என்றும் சொன்னார். எங்கிருந்தோ தண்ணீர் வந்திருக்கிறது, கூரையிலிருந்து ஒழுகியிருக்கலாம் என்றார். மறுநாள் அந்த வயதில், அந்தக் குளிரில், ஏணி போட்டு ஏறி எங்கள் கூரையைத் தடவிப் பார்த்தார். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. தப்பை மறைக்க நாடகம் போடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

குழந்தை மெல்ல மெல்லப் பிழைத்துக்கொண்டது. முதலில் குழாயை எடுத்தார்கள், பிறகு பெட்டியை விட்டு வெளியே எடுத்தார்கள். பால் கொடுக்க வசதியாக டெய்சிக்கு ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒரு நாள், நாளை மறுநாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தச் செய்தியை ஊருக்குச் சொல்ல அத்தை போனை எடுத்தார். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, அத்தை உரக்கத்தான் பேசினார். குழந்தையின் எடை, மூக்கு யார் ஜாடை, ஞானஸ்நானம் எப்போது, எல்லாம் ஆயிற்று. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தினாலும் டீச்சர் குரல்தானே, எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாமதாங்க அன்னிக்கு வாசல் தெளிச்சேன். ஒரு வாளி வெந்நி. ஊத்துன ஒடனே பனியெல்லாம் கரைஞ்சு, படி நம்ம வூட்டு வாசல் மாரி பளிச்சுனு ஆயிடுச்சு. புள்ள சுத்தமான தரையில கால வெச்சுப் போவட்டும்னு செஞ்சேன். அது மட்டும் செய்யாம வுட்டிருந்தா ரெண்டு உசுரும் தங்கியிருக்காதுங்க. நம்மூரு அடைக்கல மாதா அந்த வாசலப் பாத்துதான் எறங்கி வந்திருக்கா."

அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னாரோ தெரியாது. அத்தை சிரித்தார்.

"ஆமாங்க, நாளமத்தா நாள் புள்ள உள்ள வர்றப்ப ஜம்முனு தெளிச்சுக் கோலமே போட்டுடுறேன்."

கையில் இருந்த தட்டைத் தொட்டிக்குள் வைத்தேன். வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மைனஸ் முப்பதில் ஒரு வாளி வெந்நீர். நான் காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில் அது படியில் விரிந்து, இறுகி, டெய்சிக்காகக் காத்திருந்திருக்கிறது. அந்த நிமிஷம் அத்தையை அப்படியே தூக்கி வெளியே போட்டுக் கதவைச் சாத்திவிடலாம் என்று வெறி வந்தது, மறைப்பதற்கில்லை. அடுத்த நிமிஷம் தோன்றியது வேறொன்று. இது அவருக்குத் தெரிந்தால் என்ன ஆவார்? இந்த மனுஷிதான் மகள் விழக்கூடாது என்பதற்காகவே கடல் தாண்டி வந்திருக்கிறார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெய்சி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "தெரிஞ்சிடுச்சா உங்களுக்கு?" என்றாள்.

அவளுக்கு அன்றைக்கே தெரியும். கதவைத் திறக்கும்போதே கால்மிதி நனைந்திருந்ததாம், மூலையில் வாளி ஆவி பறக்க இருந்ததாம். அது என்னவென்று மனசுக்கு எட்டுவதற்குள் கால் படிக்குப் போய்விட்டது. விழுந்து கிடந்தபோது அவள் நினைத்ததே அம்மாவைப் பற்றித்தானாம். நாடா கதையை ஆம்புலன்ஸிலேயே யோசித்து வைத்துக்கொண்டாளாம்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அது தாங்காதுங்க" என்றாள்.

சொல்லாவிட்டால் நாளைக்கு மறுபடி ஊற்றுவாரே, குழந்தையோடு அந்தப் படியில் ஏற வேண்டுமே என்றேன். ஏதாவது பொய் சொல்லித் தடுங்கள், அதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். பாராட்டை ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

வரும் வழியில் வீட்டுக்காரர் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். கூரையில்தான் கோளாறா என்று ஆவலாகக் கேட்டார். கூரை நன்றாக இருக்கிறது, தப்பு எங்கள் பக்கம் என்று மட்டும் சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. குழந்தைக்கென்று பின்னிவைத்திருந்த ஒரு கம்பளித் தொப்பியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அதை வாங்கிக்கொண்டு நிற்க எனக்குக் கூசியது.

அத்தையிடம், இந்த ஊரில் வாசலில் தண்ணீர் ஊற்றினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும், தெருவில் ஒருவரைப் பிடித்துவிட்டார்கள் என்றேன். போலீஸ் என்றதும் அவர் முகம் மாறியது. அப்படியா சேதி, சரி மாப்ள, எதுக்கு வம்பு என்றார். என் பொய் எனக்கே திருப்தியாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் வாளியைத் தூக்கிக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் எனக்கு விழிப்பு வந்தது. வெளியே ஏதோ சுரண்டுகிற சத்தம். எலி என்று நினைத்தேன். அந்தக் குளிரில் வெளியே எலி ஏது என்று தோன்றியதும் எழுந்து ஓடினேன்.

வாசற்கதவைத் திறந்தேன். அத்தை நடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மேலே கோட்டு, தலையில் சால்வை. கையில் உறை இல்லை. தோசைக்கரண்டியால் படியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சோறு வடிக்கிற பானை காலியாகக் கிடந்தது. வாளி இல்லாவிட்டால் பானை, அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. ஒரு கிண்ணத்தில் அரிசிமாவு இருந்தது. மேல்படியில் கோலத்தின் முதல் புள்ளிகள் நாலைந்து, ஐஸின் மேல் ஒட்டாமல் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தன.

போன தடவை ஊற்றிவிட்டுக் குளிருக்குப் பயந்து உடனே உள்ளே ஓடிவிட்டார். இந்தத் தடவை போலீஸ் வருவதற்குள் பேத்திக்குச் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிடலாம் என்று குனிந்து நின்றிருக்கிறார். நின்றதால் பார்த்துவிட்டார். ஆவி பறக்க ஊற்றிய வெந்நீர் கண்ணெதிரே அசையாமல் நின்று கல்லானதை முழுசாகப் பார்த்திருக்கிறார்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணிமையில் ஈரம் வெள்ளையாக உறைந்திருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான் ஆச்சா மாப்ள?"

உள்ளே வாங்க அத்தை, கை வெறைச்சுப் போகும் என்றேன். அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"டெய்சிக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எப்பத்துலேர்ந்து?"

"விழுந்தப்பவே."

அவர் கரண்டியைப் பார்த்தார். பிறகு மறுபடி சுரண்டத் தொடங்கினார். நான் அவர் தோளைப் பிடித்தேன், உதறினார். நான் கையை எடுத்த பிறகு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"நீயெல்லாம் ஒரு தாயான்னு கேட்டனே அவள. கேட்டுக்கிட்டே கெடந்தாளே."

அவரை என்னால் உள்ளே கூட்டிப்போக முடியவில்லை. என் கையுறைகளைக் கழற்றி அவர் கைகளில் மாட்டிவிட்டேன், அதற்கு மட்டும் விட்டார். விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. உப்பு மூட்டையைக் கொண்டுவந்து கொட்டினேன், இரும்புக் கம்பியால் நானும் குத்தினேன். இரண்டு பேருமாகச் சிமெண்டு தெரிகிற வரை சுரண்டினோம். அவர் ஒவ்வொரு படியையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார். முடிந்ததும், நீங்க போய் அவங்களக் கூட்டியாங்க என்றார். நான் கிளம்பும்போதும் அவர் வாசலை விட்டு நகரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் டெய்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டின் முன் காரை நிறுத்தியபோது அத்தை கதவுக்கு உள்ளே நின்றார். பேத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரியில் நர்ஸுகளை இடித்துக்கொண்டு ஓடியவர், இப்போது வெளியே வரவில்லை. கைகளைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார்.

நான் டெய்சியைப் படிக்கு அருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு ஏறப்போனேன்.

"நீங்க வேணாம்" என்றாள் டெய்சி. "அம்மாகிட்ட குடுங்க. அம்மா தூக்கியாரட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"என் கையில வேணாம்டி. மாப்ளயே எடுத்தாரட்டும். என் கையி வேணாம்."

"அம்மா, எனக்குத் தையல் வலிக்குது, குளிருது. புள்ளையும் நனுங்குது. எறங்கி வந்து வாங்கு."

அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. ஊரில் கிணற்றடியிலிருந்து குடத்தை வாங்கச் சொல்வது போலத்தான் சொன்னாள். அத்தை சால்வைக்குள்ளிருந்து கைகளை எடுத்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கி வந்தார். குழந்தையை அவர் கையில் வைத்தேன். நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

திரும்பி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் குழந்தை. முதல் படியில் காலை வைத்து, அழுத்திப் பார்த்து, நின்றார். பின்னாலேயே நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன். டெய்சி மட்டும் கீழே நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறும்மா" என்றாள்.

அத்தை அழுதுகொண்டே ஏறினார்.